கட்டடம் சாயவில்லை, போன்தான் சாய்கிறது

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு முதல்முறை போயிருந்தபோது, அத்தான் என்னை நேராக மரினா பே சாண்ட்ஸ் ஓட்டலுக்கு முன்னால் உள்ள தண்ணீரோர நடைபாதைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். மூன்று கோபுரங்கள், அவற்றின் தலைமேல் யாரோ ஒரு கப்பலைத் தூக்கி வைத்துவிட்டுப் போனது மாதிரி நீளமான ஒரு மொட்டைமாடி. அத்தானை நடுவில் நிற்கவைத்து, போனை அண்ணாந்து பிடித்து நாலைந்து படம் எடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "என்ன மாப்ளே, மூணும் மல்லாந்து விழுற மாதிரி இருக்கு?" என்றார்.

விழுவது போலத்தான் இருந்தது. எனக்குப் போனின் மேல் சந்தேகம், அவருக்கு என் மேல் சந்தேகம். அன்று ராத்திரி அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. போனிலும் கோளாறு இல்லை, லென்ஸிலும் கோளாறு இல்லை. நான் நின்ற இடம் தப்பு, பிடித்த விதம் தப்பு. பயணத்தில் நவீனக் கட்டடங்களைப் படம் எடுக்க நினைக்கும் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒரு சங்கதியைத்தான். எந்த கேமரா, எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் இதற்கு ரொம்ப நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன சோதனை. வீட்டில் ஒரு கதவு நிலைக்கு முன்னால் பத்தடி தள்ளி நில்லுங்கள். போனைச் செங்குத்தாக, சுவருக்கு இணையாகப் பிடித்து நிலையைப் பாருங்கள். இரண்டு பக்கக் கட்டைகளும் திரையில் நேராக நிற்கும். இப்போது நின்ற இடத்திலேயே போனை மெதுவாக மேல்நோக்கிச் சாயுங்கள். இரண்டு கட்டைகளும் மேலே ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். கதவு அசையவில்லை, நீங்கள் அசையவில்லை, போன் மட்டும்தான் சாய்ந்தது.

ஏன் இப்படி? கல்யாண மண்டபத்தில் புரொஜெக்டரைத் தாழ்ந்த மேசையில் வைத்து, முன்பக்கம் ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுத்து மேல்நோக்கிச் சாய்த்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். திரையில் விழும் படம் செவ்வகமாக இருக்காது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழும். அதையே திரைக்கு நேராக வைத்தால் படமும் நேராக விழும். கேமரா என்பது தலைகீழாக வேலை செய்யும் புரொஜெக்டர். அது வெளிச்சத்தைச் சுவரில் கொட்டுகிறது, இது சுவரிலிருந்து வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் போனின் முதுகும் கட்டடத்தின் சுவரும் இணையாக இருக்கும்வரை கோடுகள் நேராக இருக்கும். இணை தவறியதும், புரொஜெக்டரில் மேலே அகன்றதற்கு நேர்மாறாக, இங்கே மேலே குவிய ஆரம்பிக்கும்.

தண்டவாளம் தூரத்தில் போய் ஒன்று சேர்வதும் இதே கணக்குத்தான். அதை நாம் குறையாக நினைப்பதில்லை, ஏனென்றால் தரை தூரமாகப் போகிறது என்று மூளைக்குத் தெரியும். அண்ணாந்து பார்க்கும்போதும் கண்ணில் கோடுகள் குவியத்தான் செய்கின்றன. ஆனால் 'நாம் கழுத்தை நிமிர்த்தியிருக்கிறோம்' என்ற தகவலும் கூடவே வருவதால் மூளை சத்தம் போடாமல் சரிசெய்துகொள்கிறது. படத்தைப் பார்க்கும்போது கழுத்து நேராக இருக்கிறது, அந்தத் தகவல் இல்லை. அதனால்தான் கட்டடம் சாய்ந்துவிட்டது என்று படுகிறது.

நம் ஊரில் இதை நாம் கவனிக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு என்று எனக்கு ஒரு எண்ணம். சிறு வயதிலிருந்து நாம் அண்ணாந்து படம் எடுத்ததெல்லாம் கோயில் கோபுரங்களை. கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகுவது. போனைச் சாய்த்தால் இன்னும் கொஞ்சம் குறுகலாகத் தெரியும், அவ்வளவுதான். யாருக்கும் உறுத்தாது, சொல்லப்போனால் உயரம் கூடினாற்போலவும் இருக்கும். அதே கையோடு போய்க் கண்ணாடிச் சுவர் கொண்ட நாற்பது மாடிக் கட்டடத்தை எடுத்தால் மாட்டிக்கொள்கிறோம். ஒரே தடிமனில் நேராக எழும்புவதாக வரையப்பட்ட கட்டடம் அது. அந்த நேர்கோடுதான் அதற்கு அழகு.

எத்தனை அடி பின்னால் போவது?

போனைச் சாய்க்காமல் உயரமான கட்டடத்தை முழுதாக எடுக்க ஒரே வழி, பின்னால் போவது. எவ்வளவு தூரம் என்பதற்கு நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். போனின் வழக்கமான லென்ஸில், போனை நெடுக்காகப் பிடித்தால், கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம். படுக்கையாகப் பிடித்தால் இரண்டு மடங்கு. பத்து மீட்டர் உயர வீடு என்றால் பதினைந்து மீட்டர் தள்ளி நின்றால் போதும். மரினா பே சாண்ட்ஸ் 55 மாடி, மேலே உள்ள தோட்டத்தோடு சேர்த்தால் சுமார் 200 மீட்டர் உயரம். ஆக 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நடைபாதையில் நின்ற நான் அதற்குள்ளேதான் இருந்தேன். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, வெறும் பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு.

மறுநாள் விரிகுடாவின் எதிர்க்கரைக்கு, மெர்லயன் பூங்காப் பக்கம் போய் நின்றேன். நடுவில் தண்ணீர், அந்தப் பக்கம் மூன்று கோபுரங்கள். போனை நேராகப் பிடித்தும் ஃப்ரேமுக்குள் எல்லாம் அடங்கியது, இன்னும் இடமும் மிச்சமிருந்தது. இரண்டு மடங்கு ஜூம் வைக்க வேண்டியதாயிற்று. கோடுகள் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தது போல நின்றன.

தூக்குக்குண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. கொத்தனார் கையில் ரசமட்டம் இருப்பது மாதிரி உங்கள் போனிலும் ஒன்று இருக்கிறது. கேமரா அமைப்புகளில் கட்டக் கோடுகளையும் மட்டம் காட்டும் வசதியையும் போட்டுவிடுங்கள். திரையில் வரும் செங்குத்துக் கோட்டைக் கட்டடத்தின் ஒரு மூலையோடு ஒட்டவைத்துப் பாருங்கள். ஒரு வாரம் செய்தால் பழகிவிடும், அப்புறம் கண்ணே ரசமட்டம் ஆகிவிடும்.

பின்னால் போக இடமே இல்லை என்றால்? ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு அப்படித்தான், முன்னால் ஒரு சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடம். அப்போது மேலே ஏறப் பாருங்கள். எதிரில் இருக்கும் வணிக வளாகத்தின் நாலாவது மாடி, பல அடுக்குக் கார் நிறுத்தம், நடைமேம்பாலம் என்று எதுவாக இருந்தாலும் சரி. கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்கள் போய்விட்டால் அண்ணாந்து பார்க்க வேண்டிய வேலையே இல்லை. அதுவும் முடியாவிட்டால், போனில் உள்ள 0.5 அகல லென்ஸுக்கு மாறி, போனை நேராகப் பிடித்து எடுங்கள். கீழ்ப்பாதி முழுக்கத் தார்ச்சாலையாக இருக்கும். கவலைப்படாமல் வெட்டி எறிந்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, இந்த அகல லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் பூசணிக்காய் போல் வருவார்கள். அக்காவை ஓரத்தில் நிற்கவைத்து எடுத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

எடுத்த பிறகு சரிசெய்யவும் வழி உண்டு. ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற செயலிகளில் இந்தச் சாய்வை நிமிர்த்த ஒரு கருவி இருக்கிறது. பல போன்களில் படத்தை வெட்டும் இடத்திலேயே இருக்கும். மேல்பகுதியை இழுத்து அகலமாக்கி நேராக்குவதுதான் அது செய்வது. அப்படி இழுக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே கட்டடத்தைச் சுற்றிச் சற்று இடம் விட்டு எடுக்க வேண்டும். இன்னொன்று, நூற்றுக்கு நூறு நிமிர்த்த வேண்டாம். அருகில் நின்று எடுத்த படத்தை முழுதாக நிமிர்த்தினால் கட்டடம் தலை பருத்து முன்னால் கவிழ்வது போலத் தோன்றும். நான் தொண்ணூறு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

கட்டடங்களை மட்டுமே தொழிலாகப் படம் எடுப்பவர்கள் இதற்காகவே ஷிஃப்ட் லென்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். அதன் விலையில் இன்னொரு முறை சிங்கப்பூர் போய்விட்டு வரலாம் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

இவ்வளவு சொன்னபின் தலைகீழாகவும் ஒன்று சொல்ல வேண்டும். சாய்ப்பது பாவம் இல்லை, கொஞ்சமாகச் சாய்ப்பதுதான் பாவம். கொஞ்சம் சாய்ந்தால் கைதவறி எடுத்தது மாதிரி இருக்கும். முழுக்க அண்ணாந்தால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். மரினா பே சாண்ட்ஸுக்குப் பின்னால் 2012இல் திறந்த கார்டன்ஸ் பை தி பேயில் 18 சூப்பர்ட்ரீக்கள் நிற்கின்றன. 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள இரும்பு மரங்கள், உடம்பெல்லாம் செடி படர்ந்தவை. அவற்றுக்கு நடுவில் போய் மல்லாக்கப் படுத்து நேர் மேலே எடுத்தால், எல்லா மரங்களும் நடுவானத்தை நோக்கிக் குவியும். அங்கே குவிவதுதான் படம். கூச்சப்படாமல் படுங்கள். மாலையில் அங்கே பாதிக் கூட்டம் ஒளிக்காட்சிக்காகத் தரையில்தான் படுத்துக் கிடக்கும்.

மரினா பே சாண்ட்ஸிலேயே ஒரு வேடிக்கை உண்டு. முன்னால் நின்று பார்த்தால் மூன்று நேரான பலகைகள் போல் இருக்கும் அந்தக் கோபுரங்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கால் கொண்டது. ஒரு கால் ஏறக்குறைய நேராக நிற்க, இன்னொன்று அதன்மேல் வளைந்து சாய்ந்திருக்கும், சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியது போல. சாய்வு அதிகம் உள்ள இடத்தில் 26 டிகிரி. 2010இல் இந்த ஓட்டல் திறந்தபோது கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. ஆக, பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைச் செயலியில் போட்டு 'தானாகச் சரிசெய்' என்று அழுத்தினால், அது கட்டடக் கலைஞர் வேண்டுமென்றே சாய்த்ததையும் நிமிர்த்தப் பார்க்கும். அருகில் விளக்குக் கம்பம் ஏதாவது இருந்தால் அதை வைத்து மட்டம் பாருங்கள். விளக்குக் கம்பம் பொய் சொல்லாது.

வெயில் எந்தப் பக்கம்

நிற்கும் இடம் சரியானதும் அடுத்த கேள்வி, எத்தனை மணிக்கு நிற்பது. ஆளைப் படம் எடுக்கும்போது, 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் முகத்தில் விழட்டும்' என்று சொல்லலாம். கட்டடத்திடம் சொல்ல முடியாது. அதன் முகம் எந்தத் திசையோ அந்தத் திசைக்கு வெயில் வரும் நேரத்தில் நாம்தான் போக வேண்டும். பயணத்தில் பாதிப் படங்கள் கெடுவது இதனால்தான். காலை பத்து மணிக்குப் பேருந்து இறக்கிவிடுகிறது, நாம் பத்து மணிக்கு எடுக்கிறோம்.

மெர்லயன் பக்கமிருந்து பார்த்தால் மரினா பே சாண்ட்ஸ் கிழக்கில் இருக்கிறது. காலையில் சூரியன் அதற்குப் பின்னால் ஏறும். முன்பக்கம் இருட்டடித்துப் போகும். வானத்துக்கு முன்னால் கறுப்பாக அதன் உருவம் மட்டும் நிற்கும். உருவம்தான் வேண்டும் என்றால் அதுவும் அருமையான படம், மேலே இருக்கும் கப்பல் தனியாகத் தெரியும். கண்ணாடி மின்ன வேண்டும், நிறம் வேண்டும் என்றால் மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள். நகரத்தைப் பார்த்திருக்கும் அந்த மேற்குக் கண்ணாடிச் சுவர் முழுக்க வெயில் விழும். ஒரே இடம், ஒரே ஆள், ஒரே போன். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு கட்டடம் என்பார்கள்.

இதற்குத் திசைகாட்டி போதும், போனிலேயே இருக்கிறது. போகப்போகும் கட்டடத்தை முதல் நாள் ராத்திரியே வரைபடத்தில் பார்த்து, முகப்பு கிழக்கா மேற்கா என்று குறித்துக்கொண்டால், எதைக் காலையில் பார்ப்பது, எதை மாலைக்கு வைப்பது என்று ஒரு நாளைப் பிரித்துவிடலாம்.

உச்சிவெயில் நேரத்தில் படமே எடுக்கக்கூடாது என்று சொல்வார்கள். ஆள் படத்துக்கு அது சரி. கட்டடத்துக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெர்லயனிலிருந்து ஜூபிலி பாலத்தைக் கடந்தால் எஸ்பிளனேட் கலையரங்கம் வரும். 2002இல் திறந்தது. ஊர்க்காரர்கள் அதை, பலாப்பழம் போல முள் நிறைந்த டுரியான் பழத்தின் பெயரால், டுரியான் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு குவிமாடங்களிலும் 7,000க்கு மேற்பட்ட முக்கோண அலுமினிய மறைப்புகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடியை வெயிலிலிருந்து காப்பது அவற்றின் வேலை. வானம் மூடியிருக்கும் நாளில் அவை தட்டையாக, சாம்பல் நிறத்தில் கிடக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொரு முள்ளும் தன் நிழலைப் பக்கத்து முள்ளின் மேல் போடும், அப்போதுதான் அதற்கு உயிர் வரும். இந்த நேரத்தில் முழுக் கட்டடத்தை எடுக்காமல் ஜூம் வைத்து ஐம்பது அறுபது முள் மட்டும் ஃப்ரேமை நிறைக்கும்படி எடுங்கள். வானமும் வேண்டாம், தரையும் வேண்டாம்.

கான்கிரீட் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். சண்டிகரில் லெ கார்பூசியே கட்டிய தலைமைச் செயலகம் ஏறத்தாழ 250 மீட்டர் நீளம். முகப்பு முழுக்க ஆழமான கான்கிரீட் கட்டங்கள், வெயிலைத் தடுப்பதற்கென்றே செய்தவை. வெயில் இல்லாமல் எடுத்தால் அது பழைய அரசு அலுவலகம். வெயிலும் நிழலும் விழுந்தால்தான் அது யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் என்று நம்ப முடியும். கண்ணாடி வானத்தை வாங்கிக் காட்டும். கான்கிரீட்டுக்குக் காட்ட நிழலை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

குளத்தோரம் குந்தி உட்கார்ந்து

ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் அரை நாள் செலவழிக்கலாம் என்றால் நான் ஆர்ட்சயின்ஸ் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். மரினா பே சாண்ட்ஸ் வளாகத்திலேயே, தண்ணீரோரமாக இருக்கிறது. 2011இல் திறந்தது, இதுவும் மோஷே சாஃப்டி வரைந்ததுதான். வெள்ளை வெளேரென்று, விரிந்த உள்ளங்கை மாதிரி பத்து விரல்கள். தாமரை என்றும் சொல்கிறார்கள். உயரமான விரல் 60 மீட்டர். மேலே விழும் மழை நீர் எல்லாம் நடுவில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் குளத்தில் அருவியாகக் கொட்டும்படி அமைத்திருக்கிறார்கள். நம் முற்றம் வைத்த வீட்டில் மழை இறங்குமே, அதேதான்.

இதை எடுப்பதில் எனக்கு இரண்டு தோல்விகள். முதலாவது, வெள்ளைக் கட்டடம் அழுக்குச் சாம்பலாக வந்தது. கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரியாது. ஃப்ரேம் முழுக்க வெளுப்பாக இருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துக் குறைத்துவிடும். திரையில் கட்டடத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டு, அருகில் வரும் சூரியக் குறியை மேலே கொஞ்சம் தள்ளினால் வெள்ளை வெள்ளையாகும். அதிகம் தள்ளினால் விளிம்புகள் வெளுத்து வானத்தோடு கரைந்துவிடும்.

இரண்டாவது, மேகமூட்டமான நாளில் வெள்ளைக் கட்டடத்துக்குப் பின்னால் வெள்ளை வானம். சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்பால் வரைந்த கோலம். அக்கா வீட்டுக்குத் திரும்பக் கிளம்பியபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்றோம். விட்டதும் பார்த்தால், பின்னால் மழைமேகம் கருநீலமாக நிற்கிறது, மேற்கே மேகம் விலகிச் சூரியன் நேராக அந்த வெள்ளை விரல்களில் அடிக்கிறது. சிங்கப்பூரில் பிற்பகல் மழை அடிக்கடி வரும். சலித்துக்கொள்ளாமல் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம்.

கட்டடத்தைச் சுற்றி அல்லிக்குளம் இருக்கிறது. நின்றபடி எடுத்தால் குளத்தில் வானம்தான் தெரியும். குந்தி உட்கார்ந்தால் கட்டடத்தின் பிம்பம் பாதி வரும். போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் இருக்கும் பக்கம் தண்ணீரை ஒட்டி இருக்கும்படி பிடித்தேன். நீர்மட்டத்திலிருந்து நாலு விரல் உயரம். அல்லி இலைகள் முன்னால் தாம்பாளம் போல் பெரிதாக வந்தன, இலைகளுக்கு நடுவில் இருந்த தண்ணீரில் பத்து விரல்களும் தலைகீழாக நீண்டன. போனும் நேராகத்தான் இருந்தது, கோடு எதுவும் சாயவில்லை. முன்பு வெட்டி எறியச் சொன்னேனே, போனை நேராகப் பிடித்தால் வரும் அந்தக் கீழ்ப்பாதி, அதை நிரப்ப ஏதாவது இருந்தால் வெட்டவே வேண்டாம். தண்ணீர், மழை ஈரம் காயாத தரை, படிக்கட்டு, பளிங்குத் தளம் எதுவானாலும் சரி.

குளத்தில் கைபோனைத் தவறவிடாமல் இருக்க, கயிறு போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஈரக் காற்று. குளிரூட்டிய எம்.ஆர்.டி. ரயிலிலிருந்தோ அருங்காட்சியகத்திலிருந்தோ வெளியே வந்த உடனே லென்ஸில் பனி படரும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இது தெரியும். துடைத்தால் மறுபடி படரும், கீறலும் விழும். பத்து நிமிடம் பொறுத்தால் தானாகப் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே நிற்பது என்று நடந்து பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் என் நல்ல படங்கள் சில, இப்படிக் கட்டாயத்துக்கு நடந்தபோது கண்ணில் பட்டவைதான்.

ஆள் இருந்தால்தான் அளவு தெரியும்

புதிதாக எடுப்பவர்கள் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எடுக்க ஆசைப்படுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஹெலிக்ஸ் பாலத்தில் மாறிவிட்டேன். ஆர்ட்சயின்ஸுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து எதிர்க்கரைக்குப் போகும் 280 மீட்டர் நடைபாலம் அது. மரபணுவின் இரட்டைச் சுருள் மாதிரி எஃகுக் குழாய்களை முறுக்கி, அதற்குள்ளே நடைபாதை விட்டிருக்கிறார்கள். ஆள் இல்லாமல் எடுத்த படத்தைப் பார்த்தால் அது பாலமா, மேசைமேல் வைத்த ஸ்பிரிங்கா என்று சொல்ல முடியாது. குடை பிடித்தபடி ஒரு பாட்டி சுருளுக்குள் நடந்து வந்ததும் பாலம் பாலமாகிவிட்டது.

ஆள் ஃப்ரேமுக்குள் நுழையும்வரை காத்திருங்கள். பாதை எங்கே வளைகிறதோ அங்கே வரட்டும். முகம் தெரிய வேண்டும் என்பதில்லை, சிறிய உருவமாக இருந்தால் போதும். தெரியாதவர்களை அருகில் போய் எடுப்பதைவிட இது நாகரிகமும் கூட.

இந்தப் பாலத்தில்தான் அந்திப் படமும் எடுக்கலாம். சூரியன் மறைந்ததும் வானம் கறுப்பாவதற்கு முன் கொஞ்ச நேரம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். அந்த நேரத்தில் வானத்தின் வெளிச்சமும் கட்டட விளக்குகளின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், இரண்டுமே படத்தில் தங்கும். ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தால் கறுப்புத் துணியில் மஞ்சள் புள்ளிகள்தான் மிஞ்சும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் சரேலென்று செங்குத்தாக இறங்கும், அதனால் இந்த நீல நேரம் இருபது நிமிடம் தாண்டாது. ஐரோப்பாவில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று சாவகாசமாகச் சாப்பிட உட்கார்ந்தால் போச்சு. வருடம் முழுக்க சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டித்தான். ஆறரைக்கே இடம் பிடித்து நின்றுகொள்ளுங்கள்.

முக்காலி இல்லாவிட்டால் பாலத்துக் கைப்பிடியில் போனைச் சாய்த்து வைத்து, மூன்று நொடி டைமர் போட்டு எடுக்கலாம். ஆனால் நடைபாலம் நாலு பேர் ஓடினால் அதிரும். கூட்டம் கடந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாலம் முழுக்க ஆங்கில எழுத்துகள் ஜோடி ஜோடியாகச் சிவப்பிலும் பச்சையிலும் ஒளிரும், மரபணுவின் நான்கு வேதிப்பொருள்களின் முதலெழுத்துகள் அவை. குழந்தைகளோடு போனால் அவற்றைக் காட்டிவிட்டு நாம் நிம்மதியாகப் படம் எடுக்கலாம்.

அனுமதியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பொது இடத்தில் நின்று கட்டடத்தைப் படம் எடுப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டமும் இந்தியச் சட்டமும் பொதுவாகத் தடுப்பதில்லை. எல்லா நாட்டிலும் அப்படியில்லை. பாரிஸ் ஈபில் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனியே காப்புரிமை இருக்கிறது, அந்தப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் ஊருக்கு அனுப்புவதற்கு எடுப்பதில் பிரச்சினை இல்லை. கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டால் அது வேறு கதை, அங்கே உரிமையாளர் சொல்வதுதான் சட்டம். பெரும்பாலும் போனுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முக்காலியை விரித்த உடனே காவலாளி வருவார். ஒரு வளாகத்தில் என்னை அப்படி நிறுத்தினார்கள். 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேட்டார், 'ரெண்டு நிமிஷம்' என்றேன், 'முக்காலி இல்லாமல் எடுங்கள்' என்றார், எடுத்தேன். சண்டிகர் போன்ற அரசு வளாகங்களுக்கு அடையாள அட்டையோடு போய், அங்கே எது கூடும், எது கூடாது என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சிங்கப்பூரில் மக்கள் குடியிருக்கும் எச்.டி.பி. (அரசு வீட்டு வசதி வாரியம்) அடுக்குமாடிகளும் படத்துக்கு அருமையானவை. வரிசை வரிசையாக வண்ணம் பூசிய தாழ்வாரங்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செடித்தொட்டி. ஐம்பது மாடி உயர்ந்து நிற்கும் பினாக்கிள் அட் டக்ஸ்டன் குடியிருப்பின் உச்சி நடைபாலத்துக்குக் கட்டணம் கட்டி வெளியாட்களும் போகலாம். மற்ற இடங்களில் கீழே நின்று எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுக் கொடியில் காயும் துணியை நாம் ஜூம் போட்டு எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் மாலை, எதிர்க்கரையில் அத்தானை நிற்கவைத்து மறுபடி எடுத்தேன். நேர்கோடுகள், மேற்கு வெயில், தண்ணீரில் பிம்பம், எல்லாம் சுத்தமாக வந்தது. அனுப்பிவைத்தேன். 'சூப்பர் மாப்ளே' என்று பதில் வந்தது. ஆனால் அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் இன்றைக்கும் இருப்பது அந்த முதல் நாள் படம்தான். பின்னால் மூன்று கோபுரங்களும் மல்லாந்து கிடக்க, நடுவில் அவர் மட்டும் நேராக நிற்கிறார்.